பாதி விலையில் ஒரு மசராட்டி: பழைய குவாட்ரோபோர்ட்டே வாங்குமுன்

பழைய கார் விளம்பரங்களைப் புரட்டும் பழக்கம் உள்ளவர்கள் ஒரு விந்தையைக் கவனித்திருக்கலாம். புதிதாக வந்த காலத்தில் ஒரு வீட்டின் விலைக்கு விற்ற இத்தாலிய நாற்கதவுக் கார், இன்று புதிய நடுத்தர ஜப்பானியக் காரின் விலைக்கு, சில வேளைகளில் அதற்கும் குறைவாக, விற்பனைக்கு நிற்கிறது. படத்தில் பார்த்தால் கீறல் கூட இல்லை. உள்ளே தோல் இருக்கை, மர வேலைப்பாடு, முன்னால் திரிசூலச் சின்னம். பட்டம் பெற்று நான்கைந்து ஆண்டுகள் வேலை பார்த்து, கையில் கொஞ்சம் சேமிப்பும் வைத்திருக்கும் நம்மவர் ஒருவருக்கு மனம் அலைபாய்வது இயல்புதான். அந்த அலைபாய்தலைக் கேலி செய்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. அது ஏன் அவ்வளவு மலிவாக நிற்கிறது என்பதை விளக்குவதே நோக்கம்.

எடுத்துக்காட்டாக ஒரே காரைப் பார்ப்போம்: மசராட்டி குவாட்ரோபோர்ட்டேயின் ஐந்தாம் தலைமுறை. 'குவாட்ரோபோர்ட்டே' என்றால் இத்தாலிய மொழியில் 'நான்கு கதவுகள்', அவ்வளவுதான். இத்தாலியர் சொன்னால் அதுவும் கவிதை போல் ஒலிக்கிறது. 1914-இல் போலோன்யா நகரில் தொடங்கிய மசராட்டி நிறுவனம், முதல் குவாட்ரோபோர்ட்டேயை 1963-இல் அறிமுகப்படுத்தியது. நாம் பேசும் ஐந்தாம் தலைமுறை 2003-இல் ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் முகம் காட்டி, 2012 வரை தயாரிக்கப்பட்டது. உடலை வடிவமைத்தது பினின்ஃபரினா. எஞ்சின் மாரனெல்லோவில் உள்ள ஃபெராரி தொழிற்சாலையில் உருவானது: 4,244 சி.சி. கொள்ளளவு கொண்ட வி8, 400 குதிரைத்திறன். ஃபெராரி எஃப்430-இன் எஞ்சினும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ஐந்து மீட்டருக்கு மேல் நீளமும் ஏறக்குறைய இரண்டு டன் எடையும் உள்ள குடும்பக் கார், நின்ற நிலையிலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தை ஐந்தரை வினாடிக்குள் தொடுகிறது. ஆசைப்படுவதில் தவறில்லை என்று சொல்ல இதுவே போதும்.

விலை இறங்கும், செலவு இறங்காது

புதிய காரின் விலையில் இறக்குமதி வரி, கலால் வரி, விற்பனையாளர் இலாபம், 'முதல் உரிமையாளர்' என்ற பெருமை எல்லாம் அடக்கம். இவை அனைத்தையும் முதல் உரிமையாளர் கட்டிவிட்டார். பழைய கார் சந்தையில் அவற்றை யாரும் திருப்பித் தரமாட்டார்கள். ஆகவே விலை சரசரவென்று இறங்குகிறது. ஆனால் அந்தக் காரின் பிரேக் தட்டு, அதிர்வுத் தாங்கி, கிளட்ச் ஆகியவற்றின் விலை எங்கும் இறங்குவதில்லை. புதிய காருக்கு என்ன விலையோ, அதே வரிசை விலைதான் பதினைந்து ஆண்டுப் பழைய காருக்கும். சொல்லப்போனால், வயதான காருக்குத்தான் அவை அதிகம் தேவைப்படும்.

அரசாங்கமும் இந்த விஷயத்தில் இரக்கம் காட்டுவதில்லை. தீபகற்ப மலேசியாவில் தனியார் பெயரிலுள்ள காரின் சாலை வரி, எஞ்சின் கொள்ளளவைப் பொறுத்தது, வயதைப் பொறுத்ததன்று. 3,000 சி.சி.க்கு மேற்பட்ட காருக்கு அடிப்படை 2,130 ரிங்கிட். அதற்கு மேல் ஒவ்வொரு சி.சி.க்கும் 4 ரிங்கிட் 50 காசு. கணக்குப் போட்டுப் பாருங்கள். 4,244 சி.சி. குவாட்ரோபோர்ட்டேக்கு ஆண்டுக்கு 7,728 ரிங்கிட். 2008-இல் வந்த 'எஸ்' வகையின் 4,691 சி.சி. எஞ்சினுக்கு 9,739 ரிங்கிட் 50 காசு. பக்கத்து வீட்டு 1.5 லிட்டர் மைவிக்கு 90 ரிங்கிட். கார் ஓடினாலும் ஓடாவிட்டாலும் கட்ட வேண்டிய பணம் இது. விளம்பரத்தில் இந்த எண்ணை யாரும் போடுவதில்லை.

வங்கியும் அப்படியே. கார் எவ்வளவு பழையதோ அவ்வளவு குறுகிய காலத்திற்கே கடன் கிடைக்கும். மிகப் பழையதற்குக் கடனே கிடைக்காமல் போகலாம். ஆக வாங்குவோர் எண்ணிக்கை சுருங்குகிறது. விலை மேலும் இறங்குகிறது. மலிவுக்குக் காரணம் கார் மோசம் என்பதன்று. அதை வைத்துக்கொள்ளக் கூடியவர்கள் குறைவு என்பதுதான்.

எல்லாம் கியர் பெட்டியில்தான் இருக்கிறது

இந்தக் காரில் ஒரே ஒரு செய்தியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுமென்றால், அது கியர் பெட்டி பற்றியதாக இருக்கட்டும். 2004 முதல் வந்த கார்களில் 'டூவோசெலக்ட்' என்ற கியர் பெட்டி இருக்கும். இரண்டு பெடல் மட்டுமே இருப்பதால் பலர் இதை ஆட்டோமேட்டிக் என்று நினைத்து வாங்கி விடுகிறார்கள். உண்மையில் இது சாதாரண ஆறு கியர் மேனுவல் பெட்டிதான். நாம் காலால் மிதிக்கும் கிளட்சை, இங்கே கணினியின் கட்டளைப்படி எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் ஒரு கருவி மிதிக்கிறது. ஃபெராரியின் பந்தயத் தொழில்நுட்பத்திலிருந்து வந்தது. பெட்டி காரின் பின்பக்கம் அமைந்திருப்பதால் எடையில் 47 விழுக்காடு முன்னாலும் 53 விழுக்காடு பின்னாலும் விழுகிறது. வளைவான மலைச்சாலையில் இதன் அருமை தெரியும்.

ஆனால் நாம் மலைச்சாலையில் வாழவில்லை. கூட்டரசு நெடுஞ்சாலையில் மாலை ஆறு மணிக்கு வாழ்கிறோம். மேனுவல் கார் ஓட்டிப் பழகியவர்களுக்கு 'ஹாஃப் கிளட்ச்' என்றால் என்னவென்று தெரியும். நெரிசலில் அங்குலம் அங்குலமாக நகரும்போது கிளட்ச் தட்டு முழுதாகப் பிடிக்காமல் உராய்ந்துகொண்டே இருக்கும். டூவோசெலக்ட்டிலும் அதேதான் நடக்கிறது. காலில் அந்த உணர்வு இல்லாததால் ஓட்டுநருக்குத் தெரிவதில்லை. இரண்டு டன் எடையை உராய்ந்தே நகர்த்தும் தட்டு என்ன ஆகும்? நகர நெரிசலில் முப்பதாயிரம் கிலோமீட்டரைத் தொடுமுன்பே தேய்ந்து போனவை உண்டு. நெடுஞ்சாலையில் ஓடியவை அதைவிட எவ்வளவோ கூடுதலாகத் தாங்கியதும் உண்டு. எனவே, 'குறைந்த கிலோமீட்டர் ஓடிய கார்' என்ற விளம்பரம் இங்கே ஒரு தகுதியாகாது. ஜப்பானில் பெருநகரத் தெருக்களில் மட்டும் ஊர்ந்து, குறைந்த கிலோமீட்டருடன் மறுசீரமைப்புக் காராக இறக்குமதியான ஒன்றைவிட, ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் இடையே ஓடிய கார் மேலானதாக இருக்கலாம்.

ஏற்கெனவே இந்தக் கார் உங்களிடம் இருந்தால் சில பழக்கங்கள் கைகொடுக்கும். நெரிசலில் முன் வண்டியை ஒட்டி ஊராமல், இடைவெளி விட்டு, ஒரேயடியாக நகருங்கள். சிவப்பு விளக்கில் நியூட்ரலுக்கு மாற்றுங்கள். மேட்டில் பிரேக்குக்குப் பதில் எண்ணெயை மிதித்துக் காரை நிறுத்தி வைக்காதீர்கள். அடுக்குமாடி வாகன நிறுத்துமிடத்தில் ஏற்றத்தில் பின்னோக்கி ஏறுவதுதான் கிளட்சுக்கு மிகப் பெரிய தண்டனை. ஷாப்பிங் மால் போகும்போது வீட்டிலுள்ள மற்றொரு காரை எடுங்கள்.

மற்றொரு கார் என்றேனா? ஆம், இந்தக் காரை வைத்திருப்பவருக்கு இன்னொரு கார் தேவைதான். அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

2007-இல் மசராட்டி இந்தச் சிக்கலுக்குத் தானே விடை சொன்னது. ஜெர்மனியின் இசட்.எஃப். நிறுவனத்தின் ஆறு கியர் ஆட்டோமேட்டிக் பெட்டியைப் பொருத்தியது. இதில் எஞ்சினுக்கும் பெட்டிக்கும் நடுவே உராயும் கிளட்ச் கிடையாது. எண்ணெய் நிரம்பிய டார்க் கன்வெர்ட்டர் உண்டு. ஊர்ந்து போவதற்கென்றே பிறந்தது. 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொட அரை வினாடிக்குக் குறைவாகவே கூடுதலாகும். இதே குடும்பப் பெட்டி அந்தக் கால பி.எம்.டபிள்யூ., ஜாகுவார் கார்களிலும் இருந்ததால், அதைப் பிரித்துப் பழகிய பட்டறைகள் கிள்ளான் பள்ளத்தாக்கில் உண்டு. இதன் எண்ணெயை வாழ்நாள் முழுதும் மாற்ற வேண்டாம் என்று விற்பவர் சொன்னால் நம்பாதீர்கள். 80,000 முதல் 120,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்வது இசட்.எஃப். நிறுவனமே.

டூவோசெலக்ட்டுக்கு ஒரு கூர்மை உண்டு என்று ரசிகர்கள் வாதிடுவார்கள். உண்மைதான். ஆனால் மலேசியச் சாலையில் ஓட்ட, என் தேர்வு ஐயமின்றி 2007-க்குப் பிந்தைய ஆட்டோமேட்டிக்தான். சந்தையில் முந்தையது மலிவாகவும் பிந்தையது விலை கூடுதலாகவும் இருந்தால், அந்த வித்தியாசத்தைக் கிளட்ச் வேலைக்கான முன்பணமாக நினைத்துக்கொள்ளலாம்.

காலையில் போய்ப் பாருங்கள்

காரைப் பார்க்கச் செல்லும்போது, எஞ்சினை முன்கூட்டியே சூடாக்கி வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லிவிடுங்கள். இரவு முழுதும் நின்ற எஞ்சினை உங்கள் முன்னால் முடுக்கச் சொல்லுங்கள். வால்வுகள் திறக்கும் நேரத்தைக் கூட்டிக் குறைக்கும் 'வேரியேட்டர்' என்ற பாகம் தேய்ந்திருந்தால், முதல் சில வினாடிகளில் கடகடவென்று ஓசை எழும், சூடேறியதும் மறைந்துவிடும். முந்தைய கார்களில் இது அறியப்பட்ட கோளாறு. சரிசெய்யச் செலவு அதிகம். மதியம் போய்ப் பார்ப்பவருக்கு இது கேட்காது. ஒரு நல்ல செய்தியும் உண்டு. இந்த எஞ்சினில் டைமிங் பெல்ட் இல்லை, சங்கிலிதான். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பெல்ட் மாற்றும் பெருஞ்செலவு இதற்குக் கிடையாது.

அடுத்து, மசராட்டிக்கு உரிய கணினிக் கருவி வைத்திருக்கும் பட்டறைக்குக் காரைக் கொண்டு போக அனுமதி கேளுங்கள். டூவோசெலக்ட் காரில் கிளட்ச் எத்தனை விழுக்காடு தேய்ந்துள்ளது என்பதை அக்கருவி காட்டிவிடும். அனுமதி மறுக்கப்பட்டால், நன்றி சொல்லி விடைபெறலாம்.

காரின் அதிர்வுத் தாங்கிகளுக்கு 'ஸ்கைஹூக்' என்று பெயர். வானத்தில் ஒரு கொக்கி மாட்டி அதிலிருந்து காரைத் தொங்கவிட்டால் எப்படிக் குலுங்காமல் போகுமோ, அப்படி என்ற பொருளில் பொறியாளர்கள் வைத்த பெயர். சாலைக்கு ஏற்ப ஒவ்வொரு தாங்கியின் இறுக்கத்தையும் கணினி நொடிக்கு நொடி மாற்றும். அழகான ஏற்பாடு, மாற்ற நேர்ந்தால் விலை சாதாரணத் தாங்கியின் விலையாக இருக்காது. முன் சக்கரக் கைகளிலுள்ள ரப்பர் புஷ்களும் நம் சாலைக் குழிகளில் சீக்கிரம் தளரும். வேகத்தடையில் மெதுவாக ஏறி இறங்கும்போது 'டொக்' என்று கேட்டால் அதுதான். டயர் விஷயமும் கவனிக்கத்தக்கது. பின்சக்கர டயர் முன்சக்கரத்தைவிட அகலம். ஆகவே முன்னதைப் பின்னதாக மாற்றிப் போட்டுத் தேய்மானத்தைச் சமன் செய்ய வழியில்லை.

உள்ளே உட்கார்ந்து பொத்தான்களைத் தொட்டுப் பாருங்கள். அக்கால இத்தாலியக் கார்களில் பிளாஸ்டிக் மீது மென்மையான ஒரு பூச்சு பூசினார்கள். வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் அது கரைந்து, தொட்டால் பலாப்பழப் பால் போல் விரலில் ஒட்டும். பெரிய கோளாறன்று, ஆனால் கார் இத்தனை ஆண்டுகள் நிழலில் நின்றதா, வெயிலில் நின்றதா என்பதை அது சொல்லிவிடும். இருக்கைப் பட்டையை முழுதாக இழுத்து, அடிப்பகுதியில் சேற்றுக்கறை உண்டா என்றும் பாருங்கள். 2021 டிசம்பரில் ஷா ஆலாம், கிள்ளான் பகுதிகளில் ஏற்பட்ட வெள்ளத்தில் மூழ்கிய வாகனங்கள் கொஞ்சநஞ்சமல்ல. இவ்வளவு மின்னணுச் சாதனங்கள் உள்ள கார் ஒருமுறை நீரில் நின்றால், பிறகு நிம்மதி இல்லை.

பற்பல எச்சரிக்கை விளக்குகள் ஒரே நேரத்தில் எரிந்தால் அஞ்சி ஓடிவிடவும் வேண்டாம். பல நாள் ஓடாமல் நின்று மின்கலம் தளர்ந்தாலே இந்தக் கார் இல்லாத நோயையெல்லாம் சொல்லி முறையிடும். முதலில் மின்கலத்தை மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

கடல்பாலத்துக்கு அப்பால்

சிங்கப்பூரில் பணிபுரியும் நம் முன்னாள் மாணவர்களுக்குக் கணக்கே வேறு. அங்கே வாகன உரிமைச் சான்றிதழ் பத்தாண்டுகளுக்கு மட்டுமே செல்லும். ஐந்தாம் தலைமுறை தயாரிப்பு 2012-இல் நின்றுவிட்டதால், அங்கு இப்போது ஓடும் எதுவும் சான்றிதழைப் புதுப்பித்த காராகத்தான் இருக்கும். மூன்று மாதச் சராசரிக் கட்டணத்தைச் செலுத்தி ஐந்து அல்லது பத்தாண்டுகளுக்குப் புதுப்பிக்கலாம். ஐந்தாண்டுக்குப் புதுப்பித்தால் மறுபடி புதுப்பிக்க முடியாது. எனவே வாங்கும்போது முதலில் கேட்க வேண்டியது கிலோமீட்டரை அன்று. சான்றிதழில் எத்தனை மாதம் மிச்சம், அது ஐந்தாண்டு வகையா பத்தாண்டு வகையா என்பதைத்தான். பத்தாண்டைக் கடந்த காருக்குச் சாலை வரியில் ஆண்டுக்குப் பத்து விழுக்காடு வீதம் கூடி, ஐம்பது விழுக்காடு வரை மிகைக் கட்டணமும் உண்டு. 4,244 சி.சி.க்கு அடிப்படை வரி ஆண்டுக்குச் சுமார் 4,330 சிங்கப்பூர் வெள்ளி. முழு மிகைக் கட்டணத்துடன் சுமார் 6,500 வெள்ளி. போதாக்குறைக்கு, அங்குள்ள வழக்கமான வாகன நிறுத்தக் கட்டத்தின் நீளம் 4.8 மீட்டர். காரின் மூக்கு வெளியே நீட்டிக்கொண்டுதான் நிற்கும்.

சரி, எவ்வளவு பணம் இருந்தால் துணியலாம்? காரின் விலையை முழுதாகக் கொடுத்த பிறகு, அந்த விலையில் மூன்றில் ஒரு பங்காவது வேறு தேவைக்குத் தொடாமல் கையில் இருக்க வேண்டும் என்பது என் அளவுகோல். முதலாண்டில் அதில் பெரும்பகுதி போகக்கூடும். முந்தைய உரிமையாளர் தள்ளிப்போட்ட வேலைகள் எல்லாம் புதியவரின் கணக்கில்தான் வந்து விழும். பி.டி.பி.டி.என். கடன் இன்னும் பாக்கி இருப்பவர்கள் முதலில் அதைக் கட்டிவிடட்டும். ஐந்தாம் தலைமுறைக் கார்கள் அதுவரை சந்தையில் நின்றுகொண்டுதான் இருக்கும். இரண்டொரு கார்களைச் சும்மா ஓட்டிப் பார்க்கவும், நல்ல பட்டறை எது என்று விசாரித்து வைக்கவும் அந்த இடைவெளி உதவும்.