உங்களுக்குத் தெரியுமா? சினை பிடிக்காத மாட்டுக்குள் ஒரு கட்டி

கீழப்பாவூர்ப் பக்கம் நாலைந்து தடவை சினை ஊசி போட்டும் பசு நிற்கவில்லை என்றால், அடுத்து அதை விற்கிற பேச்சுதான் வரும். பெரும்பாலும் சத்துக் குறைவு, கருப்பைப் புண், நீர்க்கட்டி என்று சரிசெய்யக்கூடிய காரணங்கள்தான் இருக்கும். எப்போதாவது சினைப்பையில் புற்றுக்கட்டியும் இருக்கும். மாட்டுக்குச் சினைப்பையில் வருபவற்றில் அதிகம் காணப்படுவது ‘கிரானுலோசா செல்’ கட்டி.

இந்தக் கட்டி தானே ஹார்மோன் சுரக்கும். அதனால் பசு ஓயாமல் பருவத்துக்குக் கத்தும்; இல்லாவிட்டால் காளை மாதிரி மற்ற மாடுகள் மேல் தாவும். கன்றே ஈனாத கிடேரிக்கு மடி இறங்குவதும் உண்டு. மடி இறங்கியதும் சினை என்று நம்பி மாதக்கணக்கில் காத்திருப்போம்.

டாக்டர் தோள்வரை உறை மாட்டி, சாணத்தை வழித்தெடுத்துவிட்டு, ஆசனவாய் வழியே கை விட்டுப் பார்ப்பார். நல்ல சினைப்பை நெல்லிக்காய் போல விரல்களுக்குள் உருளும். கட்டி வந்தது தேங்காய் அளவுக்கும் வளரும். நீர்க்கட்டியா, புற்றா என்பதை ஸ்கேனும் ஆய்வகமும் சொல்லும். பெரும்பாலும் ஒரு பக்கம்தான் வரும். அதை அறுத்தெடுத்தபின் மறுபக்கச் சினைப்பை வேலை செய்து சினை பிடித்த மாடுகள் உண்டு. திருநெல்வேலி இராமையன்பட்டியில் 2012 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அடிமாட்டு விலை பேசும் முன் ஒருமுறை அங்கே காட்டுங்கள்.

வாலடியில் தோல் கறுப்பில்லாமல் வெளுத்திருக்கும் மாட்டுக்கு, வெயில் பட்டுப்பட்டே பெண்குறி ஓரத்தில் புற்று வரலாம். ஆறாத புண் என்று மஞ்சளும் வேப்பெண்ணெயும் தடவி நாளைக் கடத்தக் கூடாது. சிறிதாக இருக்கும்போதே வெட்டி எடுத்தால் மாடு பிழைக்கும்.

கோழிக்கும் சினைப்பைப் புற்று தானாகவே வரும். பெண்களின் சினைப்பைப் புற்றை ஆராய்பவர்கள் முட்டைக்கோழியை வைத்துப் படிப்பது அதனால்தான். பண்ணைக்கோழியை இரண்டு வயதுக்குள் கழித்துவிடுகிறோம். இந்த நோய் வயதான கோழிக்கு வருவது, அதனால் நம் கண்ணில் படுவதில்லை.

கிழட்டு வெள்ளாட்டுக்குப் பின்னால் ரத்தம் கசிந்தால் கருப்பைத் தசைக்கட்டியையும் சந்தேகிக்க வேண்டும்.

தோட்டத்துக் காவல் நாய்க்குப் பிறப்புறுப்பில் பூக்கோசு போல ரத்தம் கசியும் கட்டி வருகிறதே, அது இணைசேரும்போது ஒட்டுவது. கிருமி தொற்றி வருவதில்லை. ஒரு நாயின் புற்றணுவே இன்னொரு நாயின் உடம்பில் குடியேறி வளர்கிறது. 1876-இல் ருஷ்ய கால்நடை மருத்துவர் நோவின்ஸ்கி, கட்டியை நாய்விட்டு நாய்க்கு மாற்ற முடியும் என்று காட்டினார். பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் செத்துப்போன ஏதோ ஒரு நாயின் அணுக்கள் இன்றும் தெருத்தெருவாக உயிரோடு திரிகின்றன. இதற்கு வாராவாரம் நரம்பில் ஏற்றும் வின்கிறிஸ்டின் ஊசி பெரும்பாலும் சில வாரங்களில் கட்டியைக் கரைத்துவிடும். அந்த மருந்து எடுக்கப்படுவது நம் கரிசல் காட்டில் பயிராகும் நித்தியகல்யாணியிலிருந்து.