மாஸ்க் மூக்கில், எரிச்சல் கண்ணில்

"என்னங்க, ராத்திரி அழுதீங்களா?" என்று சித்தி கேட்டதும் சித்தப்பாவுக்குச் சுர்ரென்று கோபம் வந்துவிட்டது. அவர் அழவில்லை. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் கோளாறுக்காக டாக்டர் எழுதிக்கொடுத்த சிபாப் மெஷினை மாட்டிக்கொண்டு, பதினைந்து நாளாக நன்றாகத் தூங்கியிருந்தார். பேப்பரை விரித்தவுடன் தலை சாய்வது நின்றிருந்தது. வீடே அதிரும் குறட்டையும் போன இடம் தெரியவில்லை. ஆனால் காலையில் எழுந்தால் வலது கண் செக்கச்செவேல் என்று இருக்கும். இமை உப்பியிருக்கும். மணலை அள்ளிப் போட்டதுபோல உறுத்தும்.

மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஒரு சொட்டு மருந்து வாங்கினார். இரண்டு நாள் கேட்டது; மூன்றாம் நாள் பழைய கதை. பிறகு கண் டாக்டரிடம் போனார். "மெட்ராஸ் ஐ மாதிரி இருக்கு" என்று இன்னொரு சொட்டு மருந்து வந்தது. இரவில் மெஷின் மாட்டுவதை அவர் சொல்லவில்லை, டாக்டரும் கேட்கவில்லை. "மூக்குல மாட்டுறதுக்கும் கண்ணுக்கும் என்னடா சம்பந்தம்?" என்றார் என்னிடம்.

சம்பந்தம் இருக்கிறது. மூக்கின் மேட்டுக்கும் கண்ணின் ஓரத்துக்கும் இடையே ஒரு விரற்கடை தூரம்தான்.

காற்று தப்பும் இடம்

தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப் பாதை ஒட்டிக்கொள்வதுதான் நோய். அது ஒட்டாமல் இருக்க, மெஷின் இடைவிடாமல் காற்றை அழுத்திக் கொடுக்கிறது. அந்த அழுத்தத்தை நீர் சென்டிமீட்டரில் அளப்பார்கள். பெரும்பாலான கருவிகளில் 4 முதல் 20 வரை வைக்கலாம். ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் 1981இல் இந்தச் சிகிச்சையை உலகுக்கு அறிவித்தபோது மாஸ்க் என்று கடையில் எதுவும் கிடையாது. காற்று கசியாமலிருக்க ஆரம்ப கால நோயாளிகள் இரவுதோறும் சிலிக்கான் பசையை நம்பியிருந்தார்கள். இன்று பசைக்குப் பதில் மெத்தென்ற சிலிக்கான் குஷன் வந்துவிட்டது. கசிவுப் பிரச்சினை மட்டும் முழுதாகப் போகவில்லை.

முகத்திலேயே குஷன் சரியாக உட்கார மறுக்கும் இடம் மூக்கின் மேற்பகுதி. அங்கே சதை இல்லை, வெறும் எலும்புதான். ஒருக்களித்துப் படுத்தால் தலையணை மாஸ்க்கை ஒரு பக்கம் தள்ளும். ஆழ்ந்த தூக்கத்தில் தாடை தளரும். குஷன் ஓரம் லேசாகத் தூக்கிக்கொள்ளும். அந்த இடுக்கு வழியாகக் காற்று நேரே கண்ணுக்குள் பாயும், அதுவும் ஆறேழு மணி நேரம்.

கண்ணை மூடித்தானே தூங்குகிறோம் என்று கேட்கலாம். எல்லோரும் முழுதாக மூடுவதில்லை. அரைக்கண் திறந்தபடி தூங்குபவர்கள் நம் வீட்டிலேயே இருப்பார்கள். அது அவர்களுக்கே தெரியாது. போதாக்குறைக்குத் தூக்கத்தில் கண்ணீர் சுரப்பதும் குறைவு. கண் டாக்டர் மஞ்சள் சாயம் விட்டு நீல விளக்கில் பார்த்தால், கருவிழியின் கீழ்ப்பகுதியில் புள்ளி புள்ளியாகக் காய்ந்த இடங்கள் தெரியும். கிருமி எதுவும் இல்லாமலே கண் சிவப்பது இப்படித்தான்.

இறுக்கினால் சரியாகாது

காற்று கசிகிறது என்று தெரிந்ததும் எல்லோரும் செய்வது ஒன்றுதான்: வாரைப் பிடித்து இறுக்குவது. சித்தப்பாவும் அதைத்தான் செய்தார். மறுநாள் மூக்கில் செம்மண் நிறத்தில் ஒரு கோடு, கன்னத்தில் வார் பதிந்த தடம், முன்பைவிட வீங்கிய இமை.

குஷன் என்பது காற்று புகுந்து லேசாக உப்பி, தோலோடு படிந்து நிற்க வேண்டிய பொருள். அதிகம் இறுக்கினால் அது மடங்கிவிடும். மடிப்பில் புது ஓட்டை விழும். இன்னொரு பக்கம், கண்ணைச் சுற்றியுள்ள மெல்லிய தோலிலிருந்து நீர் வடிந்து போகும் பாதைகளை வார் அமுக்குகிறது. தேங்கிய நீர்தான் காலையில் இமை வீக்கமாகத் தெரிகிறது. எழுந்து நடமாடி, குளித்து, பத்து மணிக்குள் வீக்கம் வடிந்துவிட்டால் முதலில் வாரைச் சந்தேகியுங்கள்.

விரலை நனைத்துப் பாருங்கள்

மாஸ்க்கை உட்கார்ந்துகொண்டோ கண்ணாடி முன் நின்றுகொண்டோ சரிசெய்வது வீண் வேலை. படுத்தால் முகத்தின் சதை வேறு மாதிரி விழும். மெஷினை ஓட விட்டு, வழக்கமாகத் தூங்கும் நிலையில் படுங்கள். எல்லா வார்களையும் தளர்த்துங்கள். மாஸ்க்கை முகத்திலிருந்து சற்றே முன்னால் இழுத்து, குஷன் காற்றில் உப்பியதும் மெதுவாக உட்கார விடுங்கள். பிறகு கசிவு நிற்கும் அளவுக்கு மட்டும், இரண்டு பக்கமும் ஒரே சீராக இறுக்குங்கள். இறுக்கிய பிறகும் வாருக்கும் கன்னத்துக்கும் நடுவே விரல் நுழைய வேண்டும்.

இப்போது ஆட்காட்டி விரலை நனைத்து, மூக்கின் மேட்டிலிருந்து கண் ஓரம்வரை மெதுவாக நகர்த்துங்கள். கசியும் இடத்தில் விரல் சில்லென்று ஆகும். மாஸ்க்கின் முன்புறம் உள்ள சிறு துளைகளில் வரும் காற்றைக் கண்டு பயப்பட வேண்டாம். நாம் விடும் மூச்சு வெளியேறத்தான் அவை. அவற்றை அடைக்கவே கூடாது.

சில கருவிகள் காலையில் கசிவின் அளவைக் காட்டும். ரெஸ்மெட் கருவிகளில் நிமிடத்துக்கு 24 லிட்டருக்கு மேல் போனால் அதிகம் என்று கணக்கு. அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள். கண்ணைப் பார்த்து அடிக்கும் ஊசிக் கசிவு அந்தக் கணக்கில் தூசி. கண்ணுக்கு அதுவே போதும்.

நம் ஊர்ப் பழக்கம் ஒன்றையும் சொல்ல வேண்டும். தலைக்குத் தேங்காய் எண்ணெய், முகத்தில் வியர்வை, அப்படியே மாஸ்க். சிலிக்கான் வழுக்காமல் என்ன செய்யும்? படுக்கும் முன் முகத்தைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். குஷனைத் தினமும் வெதுவெதுப்பான தண்ணீரிலும் மென்மையான சோப்பிலும் கழுவி, நிழலில் உலர்த்துங்கள். டெட்டால், ஸ்பிரிட் எல்லாம் வேண்டாம். அந்த மிச்சமே கண்ணை எரிக்கும். குஷன் மஞ்சளித்து விறைத்துப் போனால் மாற்றுவதுதான் வழி. விலையைப் பார்த்து இரண்டு மூன்று வருடம் ஓட்டுபவர்கள் உண்டு. அவர்கள் கசிவைப் பற்றிப் புகார் சொல்வதில் நியாயமில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் மூக்கின் மேட்டில் கசிந்தால், மூக்குத் துவாரத்தில் மட்டும் பொருந்தும் நேசல் பில்லோ வகை மாஸ்க்கைப் பற்றி டாக்டரிடம் கேளுங்கள். அது மூக்கின் மேட்டைத் தொடுவதே இல்லை.

கசியாமலே கண்ணில் காற்று வந்தால்

அழும்போது மூக்கு ஒழுகுவது ஏன்? கண்ணீர் வடிய, கண்ணின் உள்மூலையிலிருந்து மூக்குக்கு ஒரு குழாய் இருக்கிறது. அதன் மூக்குப்பக்க வாயில் சவ்வு மடிப்பு ஒன்று கதவு போல நிற்கிறது. சிலருக்கு மெஷினின் அழுத்தம் அந்தக் கதவைத் தள்ளிக்கொண்டு மேலே ஏறும். மாஸ்க் கச்சிதமாக இருக்கும்; ஆனால் கண் மூலையில் குமிழி கட்டும், புஸ் புஸ்ஸென்று காற்று வரும். கண்ணீர்ப்பை அடைப்புக்கு அறுவை செய்துகொண்டவர்களுக்கு இது வர வாய்ப்பு அதிகம், ஏனென்றால் கதவைத் தாண்டிப் புது வழி வெட்டியிருப்பார்கள். இதற்கு வீட்டு வைத்தியம் கிடையாது. அழுத்தத்தைக் குறைக்க முடியுமா என்பதைத் தூக்க மருத்துவரும் கண் மருத்துவரும் சேர்ந்து முடிவெடுக்க வேண்டும்.

எல்லாப் பழியும் மாஸ்க்குக்கு அல்ல

மெஷின் வருவதற்கு முன்பே கண் கெட்டிருக்கலாம். தூக்க மூச்சுத்தடை உள்ள சிலருக்கு மேல் இமை ரப்பர் போலத் தொளதொளத்துப் போகும். லேசாக இழுத்தாலே பிதுங்கிக்கொள்ளும். இரவில் தலையணையில் உரசி, எந்தப் பக்கம் படுக்கிறார்களோ அந்தக் கண் சிவந்து நிற்கும். இந்தத் தொள இமை நோயை மருத்துவ உலகம் முதலில் பதிவு செய்ததும் அதே 1981இல்தான் என்பது விசித்திரமான பொருத்தம். மூச்சுத்தடை நோய்க்கும் கண் அழுத்த நோயான குளுக்கோமாவுக்கும் தொடர்பு காணப்பட்டிருப்பதால், ஒரு முறையாவது கண் அழுத்தத்தைப் பார்த்துக்கொள்வது நல்லது.

மாஸ்க் தொட்ட இடத்தில் மட்டும் தோல் சிவந்து, அரித்து, செதில் உதிர்ந்தால் ஒவ்வாமை. காலோடு சேர்ந்து இமையும் வீங்கி, சிறுநீர் நுரைத்தால் சிறுநீரகத்தைப் பார்க்க வேண்டும். அங்கே மாஸ்க்கை மாற்றி லாபமில்லை.

சொட்டு மருந்து விஷயத்தில் கவனம்

உறுத்தலுக்குக் கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ் போன்ற செயற்கைக் கண்ணீர் போதும். இரவுக்கு ஜெல் வகையை டாக்டர் தரலாம். பிசுபிசுப்பான களிம்பு என்றால் குஷனில் படாமல் துடைத்துவிட வேண்டும்; பட்டால் குஷன் வழுக்கும். சிவப்பைப் பட்டென்று போக்கும் மருந்துகளைத் தொடர்ந்து விட்டால், நிறுத்தியதும் சிவப்பு திரும்ப வரும். சீட்டில்லாமல் வாங்கும் ஸ்டீராய்டு கலந்த சொட்டு இன்னும் மோசம்: கண் அழுத்தத்தை ஏற்றும், புரையை வளர்க்கும். சித்தப்பா முதலில் வாங்கியது அதுதான். "ரெண்டு நாள்ல கேட்டுச்சே" என்பதற்குக் காரணமும் அதுதான். விளக்கெண்ணெய், தாய்ப்பால் எதுவும் கண்ணுக்குள் வேண்டாம். மின்விசிறியும் ஏசியும் நேரே முகத்தில் அடித்தால் படுக்கும் திசையை மாற்றுங்கள்.

அன்றைக்கே போக வேண்டியவை: பார்வை மங்கல், கடும் வலி, வெளிச்சம் பார்க்க முடியாமை, காய்ச்சலோடு இமை வீக்கம். காலையில் எழும்போது ஒரு கண்ணில் திரை விழுந்ததுபோல இருந்தால், வலி இல்லை என்று காத்திருக்கவே கூடாது. பார்வை நரம்புக்கு ரத்த ஓட்டம் குறைந்திருக்கலாம்.

கண் எரிகிறது என்று மெஷினைத் தூக்கிப் பரண்மேல் போட்டுவிடாதீர்கள். மூச்சு நிற்பது அன்றிரவே திரும்பிவிடும். சித்தப்பாவுக்குக் குஷனை ஒரு அளவு சிறிதாக மாற்றியதும் ஒரே வாரத்தில் கண் வெளுத்துவிட்டது. அடுத்த முறை கண் டாக்டரிடம் போகும்போது மாஸ்க்கையும் பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்; அவர் கேட்காவிட்டாலும் மேஜைமேல் எடுத்து வையுங்கள்.