மேப்பில் ஓட்டை இருந்தால்? – கணிதக் கருத்தரங்குக்கு ஏன் போகணும்

"ஆய்வுக் கட்டுரை எல்லாம் இணையத்துலயே கிடைக்குது. அப்புறம் எதுக்குப் பஸ் ஏறிப் போய் ஒரு மணி நேரம் புரியாத பேச்சைக் கேக்கணும்?" போன வாரம் ஒரு நண்பர் இப்படிக் கேட்டார். நியாயமான கேள்விதான். கணிதக் கருத்தரங்கில் உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேருக்குப் பத்தாவது நிமிஷத்துக்கு மேல் எதுவும் புரிவதில்லை. நானும் அந்தப் பாதியில் பல தடவை இருந்திருக்கிறேன்.

எங்க ஊர்ப்பக்கம் இதெல்லாம் நடக்குதா என்று கேட்பவர்களுக்காக முதலில் ஒரு தகவல். திண்டுக்கல்லிலிருந்து மதுரை போகும் வழியில், சின்னாளபட்டிக்குப் பக்கத்தில் காந்திகிராம கிராமியப் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1947-இல் டி.எஸ். சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் தொடங்கிய காந்திகிராமத்தில், 1956-இல் கிராமிய நிறுவனமாக வந்து, 1976-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. கிராமப் பணிக்காக உண்டான இந்த இடத்தில் கணித ஆய்வும் நடக்கிறது. 2012 மார்ச் 16 முதல் 18 வரை கணித மாதிரியாக்கம், அறிவியல் கணிப்பு பற்றிப் பன்னாட்டு மாநாடு ஒன்று இங்கே நடந்தது. அதன் கட்டுரைத் தொகுப்பை ஸ்பிரிங்கர் வெளியிட்டது. ஃபிராக்டல், நரம்பணு வலைகளின் நிலைத்தன்மை போன்றவை இங்குள்ள கணிதத் துறையில் ஆய்வு நடக்கும் பகுதிகள்.

பொதுவாக இந்தக் கூட்டங்களில் இரண்டு வகை உண்டு. மாநாட்டில் அழைப்பாளர் உரை ஒரு மணி நேரம் போகும். மற்றவர்களுக்குப் பத்து, பதினைந்து நிமிஷம்தான். முடிவைச் சொல்லிவிட்டு இறங்கிவிட வேண்டும். பயிலரங்கு அப்படி இல்லை. சில நாள் நடக்கும். காலையில் பாடம், மதியம் எல்லாரும் உட்கார்ந்து கணக்குப் போடுவது. மாநாட்டில் யார் என்ன செய்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளலாம். ஏன் அப்படிச் செய்கிறார்கள் என்பது பயிலரங்கில்தான் பிடிபடும்.

எனக்கு அப்படிப் பிடிபட்ட ஒரு விஷயத்தைச் சொல்கிறேன்.

ஸ்டீஃபான் பானாக் என்ற போலந்துக் கணித மேதையின் நிலைப்புள்ளித் தேற்றம். 1922-இல் வெளியானது. எம்.எஸ்சி. படித்தவர்கள் எல்லோரும் தேர்வில் எழுதியிருப்போம்: "முழுமையான அளவை வெளியில் ஒரு சுருக்கச் சார்புக்கு ஒரே ஒரு நிலைப்புள்ளி உண்டு." நானும் எழுதி மார்க் வாங்கினேன். அதில் ஒரு சொல்கூட எனக்கு உண்மையில் புரியவில்லை என்பது பின்னால்தான் தெரிந்தது.

இந்தப் பக்கம் ஒரு கல்லூரியில் நடந்த பயிலரங்கில் பாடம் எடுத்தவர், சுவரில் மாட்டியிருந்த திண்டுக்கல் மாவட்ட மேப்பைக் கழற்றித் தரையில் விரித்தார். "இந்த மேப்ல ஒரே ஒரு புள்ளி, அது எந்த இடத்தைக் குறிக்குதோ, சரியா அந்த இடத்துக்கு மேலேயே இருக்கு. மேப்பை நீங்க எப்படித் திருப்பிப் போட்டாலும் சரி" என்றார்.

யோசித்துப் பாருங்க. ஒரு கிலோமீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் என்று வரைந்த மேப். ஏறக்குறைய ஒரு மீட்டர் அகலம். அது திண்டுக்கல் மாவட்டத்துக்குள் கிடக்கிறது. அப்படியென்றால் அது கிடக்கும் இடமும் அந்த மேப்பில் இருந்தாக வேண்டும். எவ்வளவு பெரிசா? ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. அந்தத் துணுக்குக்குள் மறுபடியும் மேப் கிடக்கும் இடம் இருக்கும். இப்போது அது ஒரு அணு அளவு. ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருங்கிக்கொண்டே போய் ஒரு புள்ளியில் முடியும். அதுதான் நிலைப்புள்ளி.

ஒன்றுதான் இருக்குமா, இரண்டு இருக்காதா? இரண்டு இருக்கிறது, தரையில் அவற்றுக்கு இடையே ஒரு கிலோமீட்டர் தூரம் என்று வைத்துக்கொள்வோம். மேப்பில் அந்தத் தூரம் ஒரு சென்டிமீட்டர். ஆனால் இரண்டு புள்ளியும் தத்தம் இடத்துக்கு மேலேயே இருக்கிறது என்றால் மேப்பிலும் ஒரு கிலோமீட்டர் இருந்தாக வேண்டும். முடியாதே! எந்தத் தூரம் எடுத்தாலும் இதே சிக்கல்தான். அதனால் ஒன்றுதான்.

"மேப்பைக் கசக்கிப் போட்டா?" என்று ஒருவர் கேட்டார். அப்போதும் இருக்கும். காகிதம் இழுபடாத வரை, கசங்கினால் தூரம் குறையுமே தவிரக் கூடாது. "மதுரைக்கு எடுத்துட்டுப் போய் விரிச்சா?" இருக்காது. மேப் கிடக்கும் இடமே மேப்பில் இல்லையே. சார்பு தன் வெளிக்குள்ளேயே திரும்பி வர வேண்டும் என்று தேற்றத்தில் ஒரு நிபந்தனை உண்டு. அதன் அர்த்தம் இவ்வளவுதான்.

தேநீர் இடைவேளைக்கு எழுந்தபோது, பின் வரிசையில் இருந்த ஒரு பி.எஸ்சி. மாணவி பக்கத்தில் இருந்தவளிடம் மெதுவாக, "அந்தப் புள்ளி இருக்குற எடத்துல மேப்ல ஓட்டை இருந்தா என்னடி பண்றது?" என்றாள். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பாடம் எடுத்தவர் காதில் அது விழுந்துவிட்டது. எல்லோரையும் மறுபடி உட்காரச் சொன்னார். "இந்தப் பொண்ணு கேட்டதுதான் தேற்றத்துல இருக்குற 'முழுமையான'ங்கிற வார்த்தை. ஓட்டை இருந்தா, சுருங்கிச் சுருங்கிப் போய்ச் சேர எடம் இருக்காது. தேற்றம் விழுந்துடும்" என்றார்.

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. அந்த வார்த்தையை நான் தேர்வில் எழுதியிருக்கிறேன். அது எதுக்கு அங்கே இருக்கிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. மனப்பாடம் செய்த எனக்குத் தெரியாத காரணம், கேள்வி கேட்ட பெண்ணுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்திருந்தது என்பதே அவளுக்குத் தெரியாது. இடைவேளை ஐந்து நிமிஷம் முன்னாலேயே விட்டிருந்தால் அந்தக் கேள்வி வராண்டாவிலேயே போயிருக்கும்.

நம்ம ஊர்க் கருத்தரங்குகளில் நடக்கும் பெரிய நஷ்டம் இதுதான் என்று நினைக்கிறேன். தமிழ் வழியில் படித்து வந்த பிள்ளைகள், ஆங்கிலத்தில் கேள்வி கேட்கத் தெரியவில்லையே என்று வாயை மூடிக்கொள்கிறார்கள். "எனி கொஸ்டின்ஸ்?" என்று கேட்டவுடன் ஒரு அமைதி. உடனே நன்றியுரை. 1993-இல் எஸ். குமரேசன் தொடங்கிய எம்.டி.டி.எஸ். என்ற கோடைக்காலக் கணிதப் பயிற்சியில் இதைத் தலைகீழாக மாற்றினார்கள். அங்கே ஆசிரியர் விரிவுரை ஆற்றிவிட்டுப் போவதில்லை. கேள்வி மேல் கேள்வி கேட்டு, மாணவர்களையே யோசிக்க வைத்து, விடைக்கு அவர்களையே கொண்டுபோவார். தப்பாகச் சொல்வதும் அங்கே பாடத்தில் ஒரு பகுதி.

பானாக்கின் தேற்றம் பழசுதான், ஆனால் இன்றும் வேலை செய்கிறது. ஒரு மேப்புக்குப் பதில் நான்கு சுருக்கச் சார்புகளை ஒரே நேரத்தில் எடுத்துக்கொண்டு, புள்ளிக்குப் பதில் முழுப் படங்களின் மேல் அவற்றைச் செலுத்தினால், எந்தப் படத்தில் தொடங்கினாலும் கடைசியில் ஒரே படத்தில் போய் நிற்கும். பார்ன்ஸ்லியின் பெரணி இலை அப்படி வந்ததுதான். ஹட்சின்சன் 1981-இல் எழுதிய ஃபிராக்டல் தேற்றத்துக்கு அடியில் இருப்பதும் பானாக்தான். நரம்பணு வலை ஒரு சமநிலைக்கு வருமா என்று பார்க்கிறவர்களும் அடிக்கடி நிலைப்புள்ளித் தேற்றங்களைத்தான் நாடுகிறார்கள். ஆக, ஓட்டை பற்றிய அந்தக் கேள்வி தெரியாமல் ஃபிராக்டல் உரைக்குப் போனால், 'முழுமையான' என்ற சொல் அங்கேயும் காதில் விழுந்து அப்படியே போய்விடும்.

நண்பருக்கு நான் சொன்ன பதில் இதுதான். கட்டுரையில் தேற்றம் இருக்கும், நிபந்தனை இருக்கும், நிரூபணமும் இருக்கும். அந்த நிபந்தனை யாருடைய எந்தச் சந்தேகத்துக்குப் பதிலாக வந்தது என்பது பெரும்பாலும் இருக்காது. அதை ஆள் முன்னால்தான் கேட்க முடியும். கருத்தரங்குக்குப் போனால் முழுக்கப் புரிய வேண்டும் என்று எதிர்பார்க்காதீங்க. ஒரு உதாரணத்தைப் பிடிச்சுக்கோங்க. நிபந்தனையில் வரும் ஒரு வார்த்தையைக் குறிச்சுக்கோங்க. "இது இல்லைன்னா என்ன ஆகும்?" என்று கேளுங்க. தமிழிலேயே கேளுங்க.

கடைசியா உங்களுக்கு ஒரு கேள்வி. திண்டுக்கல் மாவட்டத்துக்கு ஒரு பெரிய மேப், ஒரு சின்ன மேப். சின்னதைப் பெரியதுக்கு மேலே, ஓரம் வெளியே போகாமல், எப்படியோ போடுறோம். ஒரே ஊசியால் இரண்டிலும் ஒரே இடத்தைக் குத்த முடியுமா? மதுரையில் வைத்துப் போட்டாலும் முடியுமா?