தண்ணீருக்குள் ஒரு பாலைவனம்

பிச்சாவரம் அலையாத்திக் காட்டில் படகு குறுகலான வாய்க்காலுக்குள் திரும்பியதும், துடுப்புப் போட்ட அண்ணன் வெண்கண்டல் இலை ஒன்றைக் கிள்ளிக் கொடுத்தார். "நாக்குல வச்சுப் பாருங்க சார்." கரித்தது. வெயிலில் சாய்த்துப் பார்த்தபோது இலை மேல் பொடிப்பொடியாய் உப்பு மின்னியது.

வேரைச் சுற்றி எந்நேரமும் தண்ணீர். ஆனாலும் அந்த மரத்துக்குத் தாகம்தான். ஊறுகாய்க்கு உப்புப் போட்டுப் பிசறிய மாங்காய் நீர் விடுவதைப் பார்த்திருப்போம். உப்பு எங்கே அதிகமோ அங்கே நீர் இழுபடும். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. சாதாரணச் செடியை அதில் நட்டால், நீரில் நின்றபடியே வாடிப்போகும். வெண்கண்டலின் வேர் பெரும்பகுதி உப்பை வாசலிலேயே தடுத்துவிடுகிறது. மீறி உள்ளே வந்ததை இலையிலுள்ள சுரப்பிகள் வெளியே தள்ளுகின்றன. தடித்த மேல்தோல், அடிப்பக்கத்தில் வெளிறிய நுண்மயிர் என்று இலையின் அமைப்பும் நீரைச் சிக்கனம் பிடிப்பதற்கே. பாலைவனச் செடிகளிடம் காண்கிற அதே உபாயங்கள்.

பாலைவனம் என்றதும் நமக்கு மணலும் ஒட்டகமும் நினைவுக்கு வருகின்றன. ஆண்டுக்கு 250 மி.மீ.க்குக் குறைவாக மழை பெறும் நிலம் என்பது பொதுவான கணக்கு. அப்படிப் பார்த்தால் பனி மூடிய அண்டார்க்டிகாவும் பாலைவனமே. நமீபும் அட்டகாமாவும் சமுத்திரத்தின் ஓரத்திலேயே காய்ந்து கிடக்கின்றன. கடலூர் மாவட்டத்தில் 1,200 மி.மீ. அளவுக்கு மழை பெய்கிறது. நம்மைப் பாலைவனத்தில் சேர்க்க யாரும் துணியமாட்டார்கள். இருந்தும் வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, இந்தக் காட்டுக்குள்ளேயே, நாம் ஒரு பாலைவனத்தை உண்டாக்கினோம்.

விறகுக்கும் கட்டைக்கும் காட்டைப் பகுதி பகுதியாக மொட்டையடிக்கும் வழக்கம் 1970கள் வரை இருந்தது. நிழல் போனதும் களிமண்ணில் வெயில் நேராக இறங்கியது. ஈரம் வற்றி, மண் அமுங்கி, தரை தொட்டிபோல் குழிந்தது. இங்கே ஓதத்துக்கும் வற்றத்துக்கும் இடையே நீர்மட்ட வித்தியாசம் ஒரு மீட்டர்கூடக் கிடையாது. அதனால் சிறு பள்ளத்தில் ஏறிய நீர்கூடத் திரும்ப வழியின்றித் தேங்கியது. கோடையில் நீர் ஆவியாகும், உப்பு தங்கும். அடுத்த ஓதத்தில் இன்னும் கொஞ்சம் உப்பு சேரும். குஜராத்தின் கட்ச் ரண்ணில் உப்பு படிவதும் இதே வழியில்தான்: மழைக்காலத்தில் நீர் பரவும், பிறகு வற்றி வெள்ளைப் பாளமாகும். பிச்சாவரத்தின் மொட்டைத் திட்டுகளில் கண்டல் விதை முளைக்கவில்லை. தடித்த இலையில் நீரைச் சேர்த்துவைக்கும் உமரி மட்டும் சிவந்து படர்ந்தது.

வெட்டியதால்தான் காடு அழிந்தது, இனி வெட்டாவிட்டால் தானே வளரும் என்று விட்டிருந்தால் ஒன்றும் நடந்திருக்காது. நோய் தரையின் வடிவத்தில் இருந்தது. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் கிராம மக்களோடு சேர்ந்து அதைத்தான் சரிசெய்தன. இயற்கையான ஓடையிலிருந்து ஒரு பெரிய வாய்க்கால், அதன் இருபுறமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள்; மேலிருந்து பார்த்தால் மீன்முள். ஓதம் உள்ளே வந்து, வற்றத்தில் உப்பைக் கரைத்துக்கொண்டு வெளியேறியது. எந்தக் கடல்நீர் மண்ணைக் கெடுத்ததோ, அதே நீர் ஓட வழி கிடைத்ததும் மண்ணைக் கழுவிவிட்டது! இந்த எளிமை எனக்கு இன்னும் வியப்பாகவே இருக்கிறது.

2022இல் பிச்சாவரம், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் ஏறியது. திரும்பும்போது அண்ணன் துடுப்பை நிறுத்திக் கரையைக் காட்டினார். சேற்றில் பென்சில் நட்டதுபோல் மூச்சுவேர்கள். அவற்றுக்கு அப்பால், மேடான ஓரத்தில் மட்டும் உமரி ஒதுங்கியிருந்தது.