தீப்பொறி ஒன்று போதுமா?

"லைட்டர்ல பொறி வருது, ஆனா பத்த மாட்டேங்குதே!" அடுப்படியில் அம்மாவும், ரோட்டோரத்தில் பைக்கை உதைத்து உதைத்து வியர்த்துப்போன நண்பனும் சொல்வது ஏறக்குறைய இதே வசனம்தான். தீ என்றாலே பொறிதான் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் பொறி பாதி வேலைதான். மீதிப் பாதி என்ன என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். அது தெரியாமல் கண்ணைப் பறிகொடுத்தவர்களும் இருக்கிறார்கள்.

பொறி பிறக்கும் மூன்று வழிகள்

முதலாவது, உரசல். நம் வெல்டிங் ஷாப்பில் கிண்ணம் வைத்த ஸ்பார்க் லைட்டரைப் பார்த்திருப்பீர்கள். அதிலுள்ள 'கல்' உண்மையில் கல்லே அல்ல, இரும்பும் சீரியமும் கலந்த உலோகக் கலவை. ஆஸ்திரிய விஞ்ஞானி ஆவர் ஃபான் வெல்ஸ்பாக் 1903-ல் இதற்குக் காப்புரிமை பெற்றார். உரசும்போது உதிரும் துகள்கள் காற்றில் எரிவதுதான் அந்தப் பொறி.

இரண்டாவது, அடி. சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் தோன்றும் என்று கியூரி சகோதரர்கள் 1880-ல் கண்டுபிடித்தார்கள். இதுதான் பீசோ மின்விளைவு. அடுப்பு லைட்டரை அழுத்தும்போது உள்ளே ஒரு சின்னச் சுத்தியல் ஸ்பிரிங் விசையில் படிகத்தை 'டக்'கென்று அடிக்கிறது. பல ஆயிரம் வோல்ட் பிறக்கிறது. சாதாரணக் காற்றில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளியைத் தாண்ட சுமார் 3,000 வோல்ட் வேண்டும். அது கிடைத்ததும் பொறி தாவிவிடுகிறது. பேட்டரி வேண்டாம், ஒயர் வேண்டாம்!

மூன்றாவது, காயில். பைக்கின் இக்னிஷன் காயில், பிளக்கின் முனையில் பத்தாயிரம் வோல்ட்டுக்கும் மேல் கொண்டுவந்து தருகிறது. சிலிண்டருக்குள் கலவை அழுத்தப்பட்டிருப்பதால், வெளியே தாவுவதைவிட உள்ளே தாவ அதிக வோல்ட் தேவை. வெளியே எடுத்துப் பார்த்தால் நன்றாகப் பொறி விடும் பிளக், உள்ளே போனதும் மக்கர் செய்வது இதனால்தான்.

கலவை சரியில்லையேல் தீ இல்லை

இப்போது மீதிப் பாதிக்கு வருவோம். வாயு காற்றோடு ஒரு குறிப்பிட்ட அளவில் கலந்தால்தான் பற்றும். சமையல் கேஸ் காற்றில் சுமார் 2 முதல் 9.5 சதவீதம் வரை இருந்தால் எரியும். குறைந்தாலும் பற்றாது, கூடினாலும் பற்றாது. பெட்ரோல் ஆவிக்கு இந்த எல்லை சுமார் 1.4 முதல் 7.6 வரை. சோக்கை அதிகம் இழுத்துவிட்டு உதைத்தால் வண்டி 'ஓவர்ஃப்ளோ' ஆகிக் கிளம்ப மறுப்பதன் ரகசியம் இதுவே.

அசெட்டிலீன் மட்டும் தனி ரகம். 2.5 சதவீதத்தில் ஆரம்பித்து 80 சதவீதம் வரைகூடப் பற்றும். பற்றவைக்கத் தேவையான சக்தியும், சமையல் கேஸுக்குத் தேவையானதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. இதைத் தனியாக அழுத்தி அடைப்பதில்லை. சிலிண்டருக்குள் அசெட்டோனில் கரைத்தே வைக்கிறார்கள். அழுத்தம் மிகுந்தால் காற்றே இல்லாமல்கூட இது வெடிக்கும்.

விளையாட்டு வினையான கதை

2025 தீபாவளிக்கு வட இந்தியாவில் 'கார்பைடு துப்பாக்கி' என்ற ஒன்று பரவியது. பிளாஸ்டிக் குழாய், கார்பைடு கல், தண்ணீர், பற்றவைக்க நம் வீட்டு கேஸ் லைட்டர், அவ்வளவுதான். மேல்நாட்டில் உருளைக்கிழங்கை எறிவதற்குச் செய்யும் குழாய் பீரங்கிக்கு இது ஒருவகையில் தம்பி. மத்தியப் பிரதேசத்தில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் கண் காயத்தோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். பெரும்பாலும் சிறுவர்கள். சிலருக்குப் பார்வையே போய்விட்டது.

ஏன் இப்படி? லைட்டரை அழுத்துகிறான், வெடிக்கவில்லை. பொறி வந்திருக்கும், கலவைதான் சேர்ந்திருக்காது. "என்னடா ஆச்சு?" என்று குழாய்க்குள் எட்டிப் பார்க்கிறான். ஆனால் உள்ளே கல் கரைந்துகொண்டேயிருக்கிறது, வாயு ஊறிக்கொண்டேயிருக்கிறது, கலவை நிமிடத்துக்கு நிமிடம் மாறுகிறது. அடுத்த அழுத்தலில் வெடிக்கும்போது முகம் குழாய் வாயில் இருக்கிறது! கூடவே தெறிப்பது சுண்ணாம்பு. கார்பைடும் தண்ணீரும் சேர்ந்தால் அசெட்டிலீனோடு நீற்றுச் சுண்ணாம்பும் உண்டாகும். தீ ஒரு பக்கம், காரம் ஒரு பக்கம் கண்ணைத் தின்கிறது. தண்ணீருக்காகச் செய்த பிளாஸ்டிக் குழாயோ, திடீர் அதிர்ச்சியில் சில்லுச் சில்லாகச் சிதறும்.

நண்பர்கள் சிலர் என்னிடம், "நல்ல இக்னிஷன் வச்சா பிரச்சினை தீர்ந்துடுமே?" என்று கேட்டதுண்டு. தீராது. எஞ்சினில் கலவையை அளந்து கொடுக்க கார்புரேட்டரோ இன்ஜெக்டரோ இருக்கிறது. நேரம் பார்த்துப் பொறி விட ஏற்பாடு இருக்கிறது. வெடிப்பைத் தாங்க வார்ப்பு உலோகம் இருக்கிறது. இந்த மூன்றும் இல்லாத குழாய்க்கு எந்தப் பொறியும் நம்பிக்கையான பொறி ஆகாது.

நினைவில் வைக்க

* அடுப்பு இரண்டு மூன்று தட்டலில் பற்றவில்லையா? குமிழை மூடுங்கள். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். ஜன்னலைத் திறந்து, வாடை போனபிறகு முயலுங்கள்.
* வீட்டில் கேஸ் வாடை அடித்தால் ஸ்விட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். இரண்டிலும் பொறி உண்டு. ரெகுலேட்டரை மூடி, வெளியே வந்து 1906-க்குப் போன் செய்யுங்கள்.
* ஒர்க்‌ஷாப்பில் முதலில் அசெட்டிலீன் வால்வை லேசாகத் திறந்து, ஸ்பார்க் லைட்டரால் பற்றவைத்து, பிறகே ஆக்சிஜன். தீக்குச்சி கூடவே கூடாது.
* கண்ணில் சுண்ணாம்போ கார்பைடோ பட்டால் கசக்காதீர்கள். உடனே சுத்தமான தண்ணீரால் குறைந்தது 15 நிமிடம் விடாமல் கழுவி, கண் மருத்துவரிடம் ஓடுங்கள்.

ஊரில் தம்பி, தங்கைகள் செல்போனில் பார்த்துவிட்டு, "அண்ணா, நீ மெக்கானிக்கல்தானே, ஒண்ணு செஞ்சு குடு" என்று கேட்பார்கள். அப்போது மறுப்பதோடு நிறுத்தாமல், ஏன் கூடாது என்று உட்காரவைத்து விளக்குங்கள். படித்த படிப்புக்கு அதுதான் அழகு.