மாதிரி ரயில் தண்டவாளத்தில் ஈயம் பற்றாதது ஏன்? பிளக்ஸ் செய்யும் பணி என்ன?

திருவனந்தபுரம்: வேளி சுற்றுலா கிராமத்தில் சூரிய மின்சக்தியில் இயங்கும் சிறு ரயில் 2020 நவம்பரில் தொடங்கி வைக்கப்பட்டது. அது பயணிகளை ஏற்றிச் செல்லும் ரயில். வீட்டு மேசையில் ஓடும் மாதிரி ரயிலோ அதைவிடப் பன்மடங்கு சிறியது. 1:87 அளவிலான 'எச்ஓ' வகையில் தண்டவாளங்களின் இடைவெளி 16.5 மில்லிமீட்டர் மட்டுமே. இவ்வகை ரயில்களுக்குப் பெரும்பாலும் தண்டவாளம் வழியாகவே மின்சாரம் செல்கிறது. எனவே, கம்பி பற்றவைத்த ஓர் இணைப்பு பழுதானாலும் ரயில் நின்றுவிடலாம்.

தடையாகும் ஆக்சைடு படலம்

காற்று படும் உலோகத்தின் மேல் மெல்லிய ஆக்சைடு படலம் உருவாகிறது. சூடாக்கும்போது அது மேலும் தடிக்கிறது. அதன் மீது உருகிய ஈயம் பரவாமல் மணிபோல் உருண்டு நிற்கும். பிளக்ஸ் எனப்படும் இளக்கி இப்படலத்தைக் கரைத்து, மீண்டும் காற்று படாமல் காத்து, ஈயம் பரவ வழிசெய்கிறது.

ஈயக் கம்பியின் நடுவிலேயே பிளக்ஸ் இருந்தாலும், ஈயத்தைச் சூட்டுக்கோல் முனையில் உருக்கி எடுத்துச் சென்றால் அது வழியிலேயே ஆவியாகிவிடும். எனவே தண்டவாளத்தின் வெளிப்பக்கத்தை உப்புத்தாளால் தேய்த்து, சிறிது பிளக்ஸ் தடவி, முதலில் உலோகத்தைச் சூடாக்கி, பின்னரே ஈயத்தைத் தொடவைக்க வேண்டும். வேலை சில விநாடிகளில் முடியாவிட்டால் பிளாஸ்டிக் கட்டைகள் உருகும்.

எந்த வகை ஏற்றது?

மின் இணைப்புகளுக்குப் பைன் மரப் பிசினில் தயாராகும் ரோசின் வகையே ஏற்றது. அது சூட்டில் வினைபுரிந்து, ஆறியபின் பெரும்பாலும் செயலற்றுவிடும். அமில வகை அப்படியன்று. பித்தளைப் பெட்டி, எஞ்சின் கூடு ஆகியவற்றை இணைக்க அது உதவும். ஆனால் வேலை முடிந்ததும் நன்கு கழுவ வேண்டும். தண்டவாளக் கம்பிகளில் அதன் எச்சம் தங்கினால், திருவனந்தபுரம் போன்ற கடலோர நகரின் ஈரக் காற்றில் செம்பு பச்சை பூத்து, நாளடைவில் இணைப்பு அரிக்கப்படும்.

கவனிக்க வேண்டியவை

63 சதவீதம் வெள்ளீயமும் 37 சதவீதம் காரீயமும் கலந்த கம்பி 183 டிகிரி செல்சியஸில் உருகும். பற்றவைக்கும்போது எழும் புகை பெரும்பாலும் பிளக்ஸிலிருந்து வருவது. ரோசின் புகை ஆஸ்துமாவைத் தூண்டக்கூடும். காரீயமோ பெரும்பாலும் கையிலிருந்து வாய்க்குச் செல்கிறது. ஆகவே, சன்னலைத் திறந்து வைத்துப் பணியாற்றி, உண்பதற்கு முன் சோப்பால் கை கழுவுவது அவசியம். குழந்தைகள் இருக்கும் வீடுகளில் காரீயமற்ற கம்பியைப் பயன்படுத்தலாம். அது சுமார் 217 டிகிரியில் உருகத் தொடங்குவதால் கூடுதல் சூடு தேவைப்படும்.