புகளூருக்கு வரும் நேர்மின்சாரம்

(பத்தாம் வகுப்பு மாணவி)

'மும்முனைக் கரண்ட் வந்துவிட்டதா?' என்ற கேள்வியை நம் கொங்கு நாட்டுத் தோட்டங்களில் கேட்காதவர் இலர். கிணற்று மோட்டாருக்கு மூன்று கம்பிகளில் வரும் இம்மின்சாரம், வினாடிக்கு 50 சுற்றுகள் முன்னும் பின்னும் ஊசலாடும் மாறுதிசை மின்னோட்டமாகும். ஆனால் பாட்டரியில் மின்னேற்றவும், உலோகத்திற்கு முலாம் பூசவும் ஒரே திசையில் ஓடும் நேர்மின்னோட்டமே தேவை. முன்னதைப் பின்னதாக மாற்றும் கருவியே 'திருத்தி' எனப்படும்.

திருத்தியின் உயிர்நாடி டையோடு. கிணற்றுக் குழாயின் அடியிலுள்ள புட்வால்வு நீரை மேலே விடும், திரும்ப விடாது. டையோடும் மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டுமே விடும். மும்முனைப் பாலத் திருத்தியில் ஒவ்வொரு கம்பிக்கும் மேலொன்று, கீழொன்றாக ஆறு டையோடுகள் உள்ளன. மேல் மூன்றும் கூடுமிடம் நேர்முனை. கீழ் மூன்றும் கூடுமிடம் எதிர்முனை. எக்கணத்திலும் மின்னழுத்தம் மிக உயர்ந்த கம்பியின் மேல் டையோடும், மிகத் தாழ்ந்த கம்பியின் கீழ் டையோடும் மட்டுமே கடத்தும். மற்றவை அடைத்துக்கொள்ளும்.

ஒருவர் நெல் குத்தினால் உலக்கை ஓசைக்கு இடையே மௌனம் உண்டு. மூவர் ஒரே உரலில் மாற்றி மாற்றிக் குத்தினால் ஓசை ஓய்வதில்லை. அதுபோல, ஒருமுனை மின்சாரத்தைத் திருத்தினால் அழுத்தம் வினாடிக்கு 100 முறை சுழிக்கு இறங்கும். மும்முனையிலோ வினாடிக்கு 300 துடிப்புகள் எழுவதால், உச்ச அளவில் 86 விழுக்காட்டிற்குக் கீழே இறங்குவதேயில்லை.

இத்தத்துவத்தின் பேருருவம் நம் அருகிலேயே உள்ளது. சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து புகளூர் வரை, ஏறத்தாழ 1,800 கிலோமீட்டர் நீளமுள்ள நேர்மின் பாதை 2020-இல் இயங்கத் தொடங்கி, 2021-இல் முழுமையடைந்தது. அழுத்தம் நேரும் எதிருமாக 800 கிலோவோல்ட். திறன் 6,000 மெகாவாட். இங்கே டையோடுகளுக்குப் பதில் தைரிஸ்டர்கள் உள்ளன. கட்டளை கிடைத்த பின்பே இவை கடத்தும். கட்டளையைத் தாமதித்தால் அதே பாலம் நேர்மின்சாரத்தை மீண்டும் மும்முனையாக்கும். ராய்கரில் திருத்துகிறார்கள், புகளூரில் திருப்புகிறார்கள். நம் காற்றாலைகளில் மின்சாரம் மிகும்போது அதனை வடக்கே அனுப்பவும் இதில் வழியுண்டு.

எனினும் கோபுரங்கள் நிற்பது உழவர் நிலத்தில் அல்லவா? உயரழுத்தக் கோபுரங்களை எதிர்த்து 2018-இல் நம் மாவட்டங்களின் விவசாயிகள் போராடினர். சாலையோரம் நிலத்தடிக் கேபிளாக அமைக்கக் கோரினர். மாறுதிசை மின்சாரம் கேபிளில் நெடுந்தூரம் செல்வது கடினம். ஒவ்வொரு அலைக்கும் கேபிளே மின்னேற்றம் பெற்று இறங்கிக்கொண்டிருக்கும். நேர்மின்சாரத்திற்கு இத்தொல்லை இல்லை. 2021-இல் தொடங்கிய, 320 கிலோவோல்ட் அழுத்தமுள்ள புகளூர்–திருச்சூர் பாதை கேரளத்தில் ஒரு பகுதி தூரம் மண்ணுக்கடியில்தான் செல்கிறது. ஆனால் அதற்குச் செலவு மிகுதி. அழுத்தம் ஏற ஏறச் சிக்கலும் மிகுதி.

ஆறு கதவுகள் முறை தவறாமல் திறந்து மூடுவதால் ஒளி கிடைக்கிறது. அந்த ஒளிக்காக நிலத்தை விட்டுக்கொடுப்பவருக்கு உரிய இழப்பீடும், அவர் சொல்லுக்கு உரிய செவியும் கிடைக்க வேண்டும். அறிவியலோடு நீதியும் சேரும்போதுதான் நாடு முன்னேறும்.